நைனார்பாளையத்தின் நைனார் யார்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சின்னசேலம் வட்டத்தில் நைனார்பாளையம் என்றொரு ஊர். வடமேற்கில் கல்வராயன் மலை. மேற்கே போனால் வாணகோவரையர் ஆண்ட ஆறகழூர், வடகிழக்கே மலையமான்களின் திருக்கோவலூர். ஊர்ப்பெயரின் பிற்பாதியில் சிக்கல் ஒன்றும் இல்லை. பாளையம் என்றால் படை இறங்கிய இடம், பிறகு அந்தப் படையை வைத்துக்கொண்டிருந்தவனின் ஆட்சிப்பகுதி. வழக்கெல்லாம் முற்பாதியில்தான்.

நைனார், நயினார், நாயனார் என்று எழுத்தில் மூன்று விதமாக வரும் இந்தப் பட்டத்தைத் தமிழ்நாட்டில் ஒரு சாதியார் மட்டும் வைத்திருக்கவில்லை, ஒரு மதத்தார் மட்டும் வைத்திருக்கவும் இல்லை. திருக்கோவலூரைச் சுற்றிய இந்த நடுநாட்டில் பார்க்கவ குலத்தாரில் ஒரு பிரிவினருக்கு அது குலப்பட்டம். திண்டிவனம், செஞ்சி, வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களுக்கு அதுவே அடையாளம். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களில் நெய்னா, நயினார் என்ற பெயர்கள் சகஜம். போதாததற்குக் கோயிலில் இருக்கும் சிவனும் நயினார், எமனுடைய கணக்கரும் நயினார்.

குலப்பெயருக்கு வேர் தேடுகிறவர்கள் வழக்கமாக ஒரு மூதாதையைத் தேடுவார்கள். எந்த அரசன், எந்த முனிவர், எந்த ஊரிலிருந்து வந்த குடி என்று. நயினாருக்கு அந்த வழி உதவாது. இது பிறப்பைச் சொல்லும் பெயரே கிடையாது. எதிரில் நிற்பவர் கூப்பிடுகிற பெயர். யார் யாரை, எந்தக் காலத்தில், எந்த இடத்தில் நின்று இப்படிக் கூப்பிட்டார்கள் என்று பார்த்தால்தான் இதன் வரலாறு பிடிபடும்.

சொல்லிலிருந்து தொடங்கலாம். தலைவன் என்ற பொருளில் வடமொழியில் நாயகன். பிராகிருத மொழிகளில் இரண்டு உயிருக்கு நடுவே நிற்கும் ககரம் தேய்ந்துபோகும். அந்தத் தேய்மானத்தோடு தமிழுக்கு வந்த வடிவம் நாயன். அதோடு மரியாதைக்குரிய ஆர் விகுதி சேர்ந்து நாயனார். முதல் நெடில் குறுகி, நடு அகரம் இகரமாகி நயினார். நயி என்பதைச் சேர்த்து ஒலித்தால் நை, ஆகவே நைனார். இடையில் எங்கும் புதுப்பொருள் ஏறவில்லை. ஆண்டவன், தலைவன், எசமான் என்ற ஒரே பொருள்தான் தொடர்ந்து வருகிறது. நயம், நயத்தல் என்ற தமிழ் வேரிலிருந்து இதை வருவிக்க விரும்புவோரும் உண்டு. காதுக்கு இனிய விளக்கம்தான். ஆனால் பழைய வழக்கில் முதலில் நிற்பது நெடில் வடிவமான நாயனார். நயத்தலில் தொடங்கினால் அந்த நெடிலுக்குக் கணக்குக் காட்ட முடியாது.

நாயக்கர், நாயுடு, கேரளத்து நாயர் எல்லாம் இதே வேரின் கிளைகள். கேரளத்தில் மூன்று முறை முதலமைச்சராக இருந்த இ.கே. நாயனாரின் பெயரிலும் இருப்பது இதுதான். தெலுங்கில் நாயனா என்றால் அப்பா. சென்னைத் தெருக்களில் மகன் அப்பாவை "நைனா" என்று கூப்பிடுவது அங்கிருந்து வந்தது. சென்னை பூங்கா நகரில் நைனியப்ப நாயக்கன் தெரு என்று ஒன்று இருக்கிறது. ஒரே சொல்லை முன்னும் பின்னும் வைத்து நடுவில் ஓர் அப்பனையும் சேர்த்துக்கொண்ட பெயர் அது.

இந்தச் சொல் முதலில் உட்கார்ந்த இடம் கோயில். அதற்கும் முன்பு அந்த இடத்தில் இருந்தது உடையார் என்ற சொல். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அரசனும் உடையார் ஸ்ரீராஜராஜதேவர், உள்ளே இருக்கும் இறைவனும் ஸ்ரீராஜராஜீஸ்வரமுடையார். கடவுளுக்கும் அரசனுக்கும் ஒரே பட்டம். பிற்காலச் சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் நாயனார் பெருகிவருகிறது. இன்ன ஊர் உடைய நாயனார் என்பது இறைவனைக் குறிக்கும் வாய்பாடாகவே ஆகிவிட்டது. விஜயநகரக் காலத்தை நெருங்கும்போது அதே வாய்பாட்டில் நயினார் வருகிறது. அதாவது உடையாரும் நயினாரும் பிறவியிலேயே அண்ணன் தம்பி. இன்றைக்கும் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இவ்விரண்டும் ஒரே சமூகத்தின் பட்டங்களாக அருகருகே இருப்பதைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சைவத்தில் அடியாரும் நாயனார் ஆனார்கள். சேக்கிழார் பாடிய அறுபத்துமூவரில் பலர் இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள். திருக்கோவலூரில் இருந்து சேதி நாட்டை ஆண்டவர் மெய்ப்பொருள் நாயனார். திருநீறு பூசி வேடமிட்டு வந்த பகைவன் குத்தியபோதும் அந்த வேடத்துக்காக அவனைக் காத்து அனுப்பியவர். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துத் திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். அவரும், தந்தை சடையனாரும், தாய் இசைஞானியாரும், எடுத்து வளர்த்த நரசிங்கமுனையரையரும் என்று ஒரு வீட்டைச் சுற்றி நான்கு பேர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

சைவத்தின் தனிச்சொத்து என்று நினைத்தால் வைணவம் குறுக்கே வரும். ஆசார்ய ஹிருதயம் எழுதியவர் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார். பெரியவாச்சான் பிள்ளையின் மகன் நயினாராச்சான் பிள்ளை. வேதாந்த தேசிகரின் மகன் குமார வரதாசாரியாரை வைணவர்கள் நயினாராசாரியர் என்றே சொல்வார்கள். தென்கலை, வடகலை பேதமில்லாமல் இரு பக்கமும் நயினார் உண்டு.

தெற்கே இராமநாதபுரம் மாவட்டத்தில் நாகநாதர் கோயில் இருக்கும் ஊருக்கே பெயர் நயினார்கோவில். திருநெல்வேலிப் பக்கம் போனால் சித்திரகுப்தன் சித்திரபுத்திர நயினார் ஆகிவிடுகிறான். சித்திரைப் பௌர்ணமியன்று அவனுக்கு நோன்பு. கோயிலில் சித்திரபுத்திர நயினார் கதையை ஒருவர் ராகம் போட்டு வாசிப்பார், ஊர் உட்கார்ந்து கேட்கும். அவன் பசுவின் வயிற்றில் பிறந்தவன் என்று கதை சொல்வதால் நோன்பிருப்பவர்கள் அன்று பசும்பால், மோர், நெய் தொடுவதில்லை. கையில் ஏடும் எழுத்தாணியும் வைத்து நம் பாவபுண்ணியத்துக்குக் கணக்கு எழுதுகிற ஒருவரை "நயினார்" என்று சொல்வதில் பக்தியும் இருக்கிறது, அதிகாரிக்கு முன்னால் நிற்கிற கூச்சமும் இருக்கிறது. இந்தச் சொல்லின் இரண்டு பக்கமும் அந்த ஒரு நோன்பில் தெரிந்துவிடும்.

கோயிலில் இருந்த பட்டம் நாட்டுக்குள் இறங்கியது எப்படி என்பதற்கு நடுநாடுதான் நல்ல சான்று. திருக்கோவலூரைச் சுற்றிய பகுதி சங்க காலத்தில் மலையமான் திருமுடிக்காரியுடையது. பிற்காலத்தில் மலாடு, மிலாடு என்று வழங்கியது. சோழர்கள் எழுந்தபோது மலையமான்கள் அவர்களுக்கு அடங்கிய சிற்றரசர்கள், கூடவே சம்பந்திகளும். முதலாம் இராஜராஜனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்துப் பெண். இந்த மரபோடு தம்மை இணைத்துக்கொள்ளும் சமூகம் பார்க்கவ குலம். மலையமான், நத்தமான், சுருதிமான் என்று மூன்று பிரிவு. உடையார், மூப்பனார், நயினார் என்று மூன்று பட்டம். பொதுவாக மலையமானுக்கு நயினார், நத்தமானுக்கு உடையார், சுருதிமானுக்கு மூப்பனார் என்பார்கள். இன்று பேச்சில் உடையார் மற்ற இரண்டையும் விழுங்கிவருகிறது. தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் பார்க்கவ குலம் என்ற பதிவுக்குள் சுருதிமார், நத்தமார், மலையமார் ஆகிய பிரிவுப் பெயர்களோடு மூப்பனார், நயினார் என்ற பட்டங்களும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கின்றன. பிரிவு வேறு, பட்டம் வேறு என்ற வேறுபாடு அரசாணை வரிசையில் கரைந்துபோயிற்று.

இங்கே பாளையம் என்ற பிற்பாதிக்கு வர வேண்டும். அதுதான் முற்பாதியின் வயதைச் சொல்கிறது. கடவுளின் பெயரால் ஊர் அமைந்தால் நயினார்கோவில் என்று வரும். பாளையத்துக்குத் தலைவன் மனிதன், அதிலும் ஆள்பலம் உள்ள மனிதன். விஜயநகர, நாயக்கர் ஆட்சிக் காலத்தில்தான் இந்த வகைப் பெயர்கள் பரவின. தெற்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்தில், இதற்கு அச்சு அசலான இணை இருக்கிறது: உடையார்பாளையம். காலாட்கள் தோழ உடையார் என்ற பட்டத்தோடு ஆண்ட பாளையக்காரர்களின் இடம் அது. பட்டமும் பாளையமும் சேர்ந்த அதே கட்டுமானம்தான் நைனார்பாளையத்திலும். நயினார் என்பது கோயிலை விட்டு இறங்கி, நிலமும் ஆளும் வைத்திருந்த நாட்டுத் தலைவர்களின் பட்டமாக ஆகிவிட்ட காலத்தின் பெயர் இது. மலையமான் மரபினர் நயினார் பட்டத்தோடு நிலைகொண்ட வட்டாரம் என்பதால், அப்படிப்பட்ட தலைவர் ஒருவரின் பாளையம் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பக்கத்து மலையைப் பார்த்தாலும் இதே நடைமுறைதான். கல்வராயன் மலையில் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்தார் குடும்பங்கள் மலையாளிப் பழங்குடி மக்களிடம் வரி வாங்கின. 1976-ல்தான் அந்த ஜாகிர்கள் அரசு வசம் வந்தன. கவுண்டர் என்பதும் ஊர்த்தலைமையைக் குறித்த பட்டம்தான், பிறகு குலப்பெயராக இறுகியது. மலைமேல் கவுண்டர், அடிவாரத்தில் நயினாரும் உடையாரும். தலைமைக்கு வழங்கிய சொல் மாறுகிறதே தவிர வேலை ஒன்றுதான்.

இனிச் சமணம். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள்ளேயே, உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில், திருநறுங்கொண்டை என்ற சமணக் குன்று இருக்கிறது. மேலே அப்பாண்டைநாதர், அதாவது பார்சுவநாதர். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ள கோயில். சிவனை நாயனார் என்று எழுதிய காலத்தில் சமணர்களும் தங்கள் தீர்த்தங்கரரை அப்படியே குறித்தார்கள். தெய்வத்தின் பட்டம் குடிக்கு இறங்குவது அங்கேயும் நடந்தது. மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடத்தைச் சார்ந்த கிராமங்களில் நயினார் இன்றும் வழக்கிலுள்ள பட்டம். ஆனால் எல்லாச் சமணரும் நயினார் இல்லை. முதலியார், செட்டியார், உடையார் என்றும் போட்டுக்கொண்டார்கள். சீவக சிந்தாமணிப் பதிப்புக்காகச் சமண நூற்பொருள் தெரியாமல் திண்டாடிய உ.வே. சாமிநாதையருக்குக் கும்பகோணத்தில் வழிகாட்டியவர் சந்திரநாத செட்டியார்.

சமணப் பட்டத்தைப் பற்றிப் பேசினால் செஞ்சிக் கதையைச் சொல்லாமல் முடியாது. 1906-ல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியில் பிரான்சிஸ் இதைப் பதிந்திருக்கிறார், தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி எழுதிய தர்ஸ்டனும் எடுத்தாண்டிருக்கிறார். செஞ்சியை ஆண்ட வேங்கடபதி பிராமணர்களிடம் பெண் கேட்டான். சமணர் கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம் என்று அவர்கள் தட்டிக்கழித்தார்கள். சமணர்கள் சரி என்று சொல்லி, கல்யாண நாளில் வீட்டைக் காலிசெய்துவிட்டு, திண்ணைத் தூணில் ஒரு பெண் நாயைக் கட்டிவைத்துவிட்டுப் போனார்கள். அவமானப்பட்ட அரசன் சமணர் தலைகளை வெட்டச் சொன்னான். பலர் ஓடினார்கள், பலர் திருநீறு பூசிச் சைவரானார்கள். இப்படி மாறியவர்களுக்கு நீறுபூசி வேளாளர் என்று பெயர் வந்தது. தாயனூர் காங்கேய உடையார் என்பவர் தப்பிப்போய் உடையார்பாளையம் பாளையக்காரரிடம் அடைக்கலம் புகுந்தார். கொடுமை ஓய்ந்த பிறகு, சிரவணபெளகுளம் போய்ப் படித்துத் துறவியான வீரசேனாசாரியரைத் திரும்ப அழைத்துவந்து சமயத்தை நிலைநிறுத்தினார். அந்த நன்றிக்காகச் சமணர் வீட்டு விசேஷங்களில் முதல் வெற்றிலை தாயனூர் உடையார் குடும்பத்துக்கு.

கதையில் சொல்லும் ஆண்டு 1478. செஞ்சியில் நாயக்கர் ஆட்சி நிலைத்ததோ பதினாறாம் நூற்றாண்டில். ஆண்டும் ஆளும் ஒட்டவில்லை. நாயைக் கட்டிவைத்த பகுதியும் வேறு சமூகங்களின் இடப்பெயர்வுக் கதைகளில் திரும்பத் திரும்ப வருவதுதான். இந்தக் கதையை நிகழ்ச்சிக் குறிப்பாக வாசிக்கக் கூடாது. ஆனால் முதல் வெற்றிலை கதை அன்று, மரியாதை வரிசை. ஓர் ஊர்க் குடும்பத்துக்கு ஏன் முன்னுரிமை என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் கதையே கட்டப்பட்டிருக்கிறது. நீறுபூசி என்ற பெயரும் அப்படியே. மதம் மாறிய பிறகும் நிலம் மாறவில்லை, மரியாதையும் மாறவில்லை, ஆகவே பட்டமும் மாறவில்லை என்ற செய்தி அதற்குள் இருக்கிறது. நயினார் என்ற பட்டம் இருக்கும் இடமெல்லாம் பழைய சமணக் குடி என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். பட்டம் மதத்தோடு ஒட்டியதல்ல, நிலத்தோடும் அதன்மேல் இருந்த அதிகாரத்தோடும் ஒட்டியது. திருக்கோவலூர்ச் சைவனிடமும் அது இருக்கும், சித்தாமூர்ச் சமணனிடமும் இருக்கும்.

முஸ்லிம்களிடமும் இருந்தது. 1940-களின் தொடக்கத்தில் சென்னைப் பேராசிரியர்கள் இருவரின் நூல்கள் அடுத்தடுத்து வந்தன. மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த அ. சக்கரவர்த்தி நயினாரின் தமிழ்ச் சமண இலக்கிய வரலாறு 1941-ல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முகம்மது உசேன் நயினார் எழுதிய, தென்னிந்தியாவைப் பற்றி அரபுப் புவியியலாளர்கள் அறிந்திருந்தவை குறித்த நூல் 1942-ல். முன்னவர் நீலகேசியைப் பதிப்பித்தவர், குறள் சமண முனிவர் செய்தது என்று வாதாடியவர். பின்னவர் அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வரலாற்று நூல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். நூலகத்தில் ஆசிரியர் பட்டப்பெயரை வைத்து அட்டவணை போட்டால் இருவரும் ஒரே பெட்டிக்குள் வந்துவிடுவார்கள்.

முஸ்லிம் நயினாரைப் பார்த்ததும், மதம் மாறுமுன் வைத்திருந்த பழைய பட்டத்தின் மிச்சம் என்று முடிவுகட்டுவது எளிது. அந்த ஊகம் எனக்குத் தேவையற்றதாகத் தோன்றுகிறது. இஸ்லாமியத் தமிழில் இறைவன் நாயன். நபியவர்கள் நபிகள் நாயகம். தமிழ் பேசுகிற ஒரு சமூகம் மதிப்புக்குரியவரைக் குறிக்கத் தன் மொழியில் கைக்கு எட்டிய சொல்லை எடுத்துக்கொண்டது. கப்பலும் வணிகமும் வைத்திருந்த கடற்கரைப் பெரிய குடும்பங்களுக்கு அது மரைக்காயரோடு சேர்ந்து நின்றது.

இதுவரை சொன்னதெல்லாம் பட்டத்தை வைத்திருந்தவர்களின் பக்கம். சொன்னவர்களின் பக்கமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியார் வேளாள ஆண்களை நயினார் என்றும் பெண்களை நாச்சியார் என்றும் கூப்பிட்டாக வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். அது கெஞ்சலாகவும் இருக்கலாம், வெறும் பழக்கமாகவும் இருக்கலாம், ஆனால் விருப்பத்துக்கு விட்ட விஷயமாக இருக்கவில்லை. அந்த மண்ணின் எழுத்தாளர் கே. டானியலின் நாவல்களில் அந்தச் சொல் பாத்திரங்களின் வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கும். பக்கம் பக்கமாக அதைக் கேட்ட பிறகு நயினாரைக் கௌரவப் பட்டமாக மட்டும் பார்ப்பது கஷ்டம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் நயினார் என்பது ஓர் உத்தியோகம், நகரக் காவலுக்குத் தலைவர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அந்த நயினார் அடிக்கடி வருகிறார். கோயில் தெய்வம், நிலக்கிழார், காவல் தலைவர் என்று வரிசையாக வைத்துப் பார்த்தால், நயினார் என்றால் பயப்பட வேண்டிய ஒருவர் என்ற பொருளும் இந்தச் சொல்லோடு கூடவே வந்திருப்பது தெரியும்.

பட்டங்களின் மேல் வெறுப்பு வந்ததற்கு இந்தப் பக்கமே காரணம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொன்னது. ஈ.வெ. ராமசாமி நாயக்கர் தன் பெயரிலிருந்து நாயக்கரை எடுத்தார். அதுவும் இதே வேரில் முளைத்த சொல்தான். அடுத்த இரண்டு மூன்று தலைமுறையில் தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டங்கள் பெரும்பாலும் உதிர்ந்து, அப்பாவின் முதலெழுத்து முன்னால் வந்தது. நடுநாட்டிலும் பழைய பத்திரங்களில் முழுசாக இருக்கும் நயினார், பேரன் பள்ளிச் சான்றிதழில் இருக்காது. சாதிச் சான்றிதழில் பார்க்கவ குலம் என்று வரும், அதோடு சரி.

தெற்கே கதை வேறு. அங்கே நயினார் பெயருக்குப் பின்னால் தொங்கவில்லை. ஊர்ச் சாமியின் பெயர் என்பதால் சாதி பார்க்காமல் பிள்ளைகளுக்கு முதற்பெயராகவே வைத்தார்கள். அரசியல்வாதி நயினார் நாகேந்திரனின் பெயர் அந்த வகை, முன்னால் நிற்கும் நயினார். சுயமரியாதைக்காரர்கள் வெட்டியது வாலை. தலையில் இருந்த நயினாருக்கு அந்தத் தீர்மானம் பொருந்தவே இல்லை. இப்போது வெளிநாட்டு விண்ணப்பங்களில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டிவரும்போது தெற்கத்தி அப்பாவின் முதற்பெயரான நயினார் மகனுக்கும் பேத்திக்கும் கடைசிப் பெயராகிப் பின்னால் போய் நிற்கிறது. நடுநாட்டில் உதிர்ந்த இடத்திலேயே, ஆனால் சாதியைச் சொல்லாத பெயராக.